கறுப்பாக வந்த மக்னடைட் மறுநாள் பழுப்பாகிறது, உப்புநீரில் படிகிறது: எங்கே பிழை?

பனிமூட்டம்1868:

எல்லோருக்கும் வணக்கம். எம்.ஆர்.ஐ. படிமத்தில் மாறுபாடு காட்டும் இரும்பொட்சைட்டு நானோ துணிக்கைதான் என் முதுமாணி ஆய்வு. தயாரிப்பு நுவரெலியாவில் நான் படிப்பிக்கும் பாடசாலையின் ஆய்வுகூடத்தில், அளவீடெல்லாம் பேராதனைப் பல்கலைக்கழகத்தில்.

செய்தது இதுதான். பெரிக் குளோரைட்டு (ஆறு நீர் மூலக்கூறு கொண்டது) 2.70 கிராம், பெரஸ் குளோரைட்டு (நான்கு நீர்) 0.99 கிராம் இரண்டையும் காய்ச்சி வடித்த நீர் 50 மி.லீ.யில் கரைத்து, காந்தக் கலக்கியில் வைத்து 80 °செ. வரை சூடாக்கி, 25 சதவீத அமோனியாவை அளவியிலிருந்து இருபது நிமிடம் சொட்டுச் சொட்டாக விட்டேன். கறுப்பு வீழ்படிவு (மக்னடைட் என்ற காந்த இரும்பொட்சைட்டு) வந்தது. பீஎச் 7 ஆகும்வரை கழுவி, இரவு முழுக்க 80 °செ. இல் உலர்த்தி, கல்வத்தில் அரைத்து, சித்திரிக் அமிலக் கரைசலில் ஒரு மணி நேரம் கலக்கினேன்.

முதல் தொகுதி மறுநாளே பழுப்பாகிவிட்டது. இரண்டாவது கறுப்பாகவே இருக்கிறது, ஆனால் நீரில் பத்து நிமிடம்கூட நிற்பதில்லை. கொஞ்சம் மிதந்து நின்ற பகுதியை 0.9 சதவீத உப்புநீரில் விட்டால் உடனே திரண்டு அடியில் போகிறது. கலக்கிக் குண்டைச் சுற்றித் தார் மாதிரி ஒட்டிக்கொண்டதையும் சொல்ல வேண்டும்.

கூடவே ஒரு கேள்வி. தேயிலைச் சாற்றை மேற்பூச்சாகப் பயன்படுத்தலாம் என்று நிறையக் கட்டுரைகள் வருகின்றன. இங்கே தேயிலைக்குப் பஞ்சமில்லை. செய்து பார்க்கலாமா?

---

ஹந்தானைச்சாரல்:

டீச்சர், நிறைகள் சரி. 10 மில்லிமூல் பெரிக், 5 மில்லிமூல் பெரஸ், இரண்டுக்கு ஒன்று. கணக்கின்படி 1.16 கிராம் மக்னடைட் வர வேண்டும். ஆனால் தராசில் இரண்டுக்கு ஒன்று இருந்தால் குடுவைக்குள்ளும் அப்படியே இருக்கும் என்று சொல்ல முடியாது. பெரஸ் (இரண்டு ஏற்ற இரும்பு) பாதி வழியிலேயே ஒட்சியேறிப் பெரிக் (மூன்று ஏற்ற இரும்பு) ஆகிவிடும்.

முதலில் பெரஸ் குளோரைட்டுப் போத்தலைத் திறந்து பாருங்கள். பளிங்கு வெளிர் பச்சையாக இருக்க வேண்டும். விளிம்பில் மஞ்சளோ துருநிறமோ இருந்தால் அதை விட்டுவிடுங்கள். மலைநாட்டு ஈரத்தில் ஒருமுறை திறந்த போத்தல் சில மாதத்தில் அந்த நிலைக்கு வந்துவிடும். பாடசாலை ஆய்வுகூடத்தில் மோரின் உப்பு (பெரஸ் அமோனியம் சல்பேற்று) இருக்குமே, அதையே எடுங்கள். அது காற்றுக்கு நன்றாகத் தாக்குப்பிடிக்கும். 5 மில்லிமூலுக்கு 1.96 கிராம். சல்பேற்று வருவதால் இந்த வேலைக்குக் கெடுதல் இல்லை. தரத்தையும் உயர்தரப் பிள்ளைகள் செய்யும் நியமிப்பாலேயே பார்த்துவிடலாம். 0.392 கிராமை ஐதான சல்பூரிக் அமிலத்தில் கரைத்தால் 0.0200 மூலர் பொற்றாசியம் பரமங்கனேற்று 10.0 மி.லீ. செல்ல வேண்டும். 9.5 தான் சென்றால் ஐந்து சதவீதம் போய்விட்டது, அந்தளவு கூட்டி நிறுங்கள். பெரஸ் குளோரைட்டை இப்படிப் பரமங்கனேற்றால் நேரடியாக நியமிக்க வேண்டாம். குளோரைட்டும் ஒட்சியேறிக் கணக்கைக் கெடுக்கும்.

அடுத்தது ஒட்சிசன். மலையில் அமுக்கம் குறைவு, எனவே நீரில் ஒட்சிசனும் குறைவு என்று நம்பியிருக்க வேண்டாம். குளிர்ந்த நீர் வாயுவை அதிகம் பிடித்து வைக்கும். 15 °செ. நுவரெலியா நீரிலும் 30 °செ. கொழும்பு நீரிலும் லீற்றருக்கு ஏறக்குறைய 8 மி.கி. தான் இருக்கும். நீரைக் கால் மணி நேரம் கொதிக்கவிட்டு, நைதரசன் வாயு செலுத்தியபடியே ஆறவிட்டு, அதன் பிறகுதான் உப்பைப் போட வேண்டும். உப்பு கரைந்த பின்னும் வாயு நிற்கக்கூடாது. நைதரசன் உருளை கிடைக்காவிட்டால் வெல்டிங் கடைகளுக்கு வரும் தூய ஆகன் போதும். மிக் வெல்டிங்குக்கென்று விற்கும் ஆகன்–காபனீரொட்சைட்டுக் கலவையை வாங்கிவிடாதீர்கள். காபனீரொட்சைட்டு அமோனியாவைத் தின்று காபனேற்றைக் கொண்டுவரும். பலூனில் வாயு நிரப்பிக் கட்டுவதும் பயனில்லை, இறப்பர் வழியாகக் காற்று உள்ளே போகும்.

இனி அமோனியா. சொட்டுச் சொட்டாக விட்டதுதான் பெரிய பிழை. பெரிக் அமிலப் பக்கத்திலேயே, பீஎச் 3 தாண்டும்போதே வீழ்ந்துவிடும். பெரஸ் வீழ அதைவிட மிக உயர்ந்த பீஎச் வேண்டும். இருபது நிமிடம் அந்த இடைவெளியில் நின்றால் முதலில் செம்பழுப்பு ஐதரொட்சைட்டும் பிறகு கோதைட்டும் (துருவில் காணும் இரும்புச் சேர்வை) உருவாகும். அவற்றில் ஒரு பகுதி கடைசிவரை மக்னடைட்டாக மாறாது. தேவையான அமோனியா கணக்கில் 40 மில்லிமூல், அதாவது 25 சதவீதக் கரைசலில் 3 மி.லீ. நீங்கள் 8 முதல் 10 மி.லீ. எடுத்து, வேகமாகக் கலக்கியபடி ஐந்தாறு விநாடிக்குள் ஊற்றிவிடுங்கள். நிறம் பழுப்பைத் தொட்டு உடனே கறுப்பாக வேண்டும். பழுப்பிலேயே நின்றால் பெரஸ் போதவில்லை. பச்சை கலந்து வந்தால் பெரஸ் மிகை, அல்லது காரம் போதவில்லை. அமோனியா போத்தல் பழையதென்றால் கடைசியில் பீஎச் 10க்குக் கீழே நிற்கும். தாளால் பார்த்து இன்னும் 2 மி.லீ. விடலாம்.

காந்தக் கலக்கியைத் தள்ளி வையுங்கள். காந்தத் துணிக்கை செய்யும் குடுவைக்குள் காந்தத்தைப் போட்டால் அது எல்லாவற்றையும் இழுத்துக் கட்டிவிடும், தார் வந்தது அதனால்தான். சிறிய மோட்டாரில் கண்ணாடிக் கோலோ பிளாத்திக்குத் துடுப்போ பொருத்தி மேலிருந்து சுழற்றுங்கள். இரும்புக் கோல் கூடாது.

ஊற்றியபின் 80 °செ. இல் அரை மணி நேரம் போதும். சில முறைகளில் 95 °செ. என்று எழுதியிருக்கும். நுவரெலியாவில் நீர் 94 °செ. அளவிலேயே கொதித்துவிடும், அங்கே அந்தப் படிக்குப் பொருளில்லை. கொதிநீரில் வைத்து வெப்பமானியில் 100 என்று குறித்துக்கொள்ளும் பழக்கம் இருந்தால் அதையும் விடுங்கள்.

முதல் தொகுதி பழுப்பானதைப் பற்றி ஒரு வார்த்தை. பழுப்பெல்லாம் குப்பையல்ல. மக்னடைட் மெதுவாக ஒட்சியேறினால் மகெமைட் ஆகும், அதுவும் நன்றாகவே காந்தத்தில் ஈர்க்கும், எம்.ஆர்.ஐ.க்கு உதவும். பழுப்பானதைக் காந்தத்தில் பிடித்துப் பாருங்கள். முழுதாக வந்தால் மகெமைட், பாதி பின்தங்கினால் கோதைட்டோ வேறு ஐதரொட்சைட்டோ கலந்திருக்கிறது. எக்ஸ்-கதிர் விளிம்பு வளைவில் மக்னடைட்டையும் மகெமைட்டையும் பிரித்தறிவது கடினம், இரண்டுக்கும் பெரிய சிகரம் 35.5 பாகை அருகில் வரும். ஆனால் செப்புக் கதிரில் 21.2 பாகையில் சிகரம் எழுந்தால் கோதைட், 33.2 இல் எழுந்தால் ஹேமடைட் (சிவப்பு இரும்பொட்சைட்டு). இந்த இரண்டையும்தான் தேட வேண்டும்.

---

முகவைநிறையக்கறுப்பு:

மேலே சொன்னது சரி. நான் மேற்பூச்சை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். உங்கள் இரண்டாவது தொகுதியைக் கெடுத்தது உலர்த்தும் அடுப்பு. உலர்ந்த நானோ துணிக்கையை அரைத்தால் நானோ தூள் வராது, நானோவால் கட்டிய மண்ணாங்கட்டிதான் வரும். ஒன்றோடொன்று ஒட்டிய மேற்பரப்பைச் சித்திரிக் அமிலம் பிரிக்காது, கட்டியின் வெளிப்புறத்தை மட்டும் பூசும். வீழ்படிந்ததிலிருந்து பூசி முடியும்வரை ஒரு கணம்கூடக் காயவிடக் கூடாது. விளைவு எவ்வளவு என்று அறிய வேண்டுமானால் 1 மி.லீ. மட்டும் எடுத்து உலர்த்தி நிறுங்கள், அதை எறிந்துவிடுங்கள்.

கழுவும்போது பீஎச் 7 வரை போனதும் தவறு. பூசாத மக்னடைட்டின் மேற்பரப்பு மின்னேற்றம் பூச்சியமாவது பீஎச் 7 பக்கத்தில்தான். தள்ளுவிசை இல்லாமல் எல்லாம் திரண்டுவிடும். வாயு நீக்கிய நீரால் மூன்று முறை, காந்தத்தை முகவைக்கு வெளியே பிடித்து வடித்து, 8.5 முதல் 9 வரை வந்ததும் நிறுத்துங்கள்.

சித்திரேற்றுப் பூச்சு: கழுவிய ஈரப் படிவு முழுவதையும் 60 மி.லீ. நீரில் எடுத்து, சித்திரிக் அமில ஒருநீரேற்று 1.0 கிராமை 10 மி.லீ. நீரில் கரைத்துச் சேர்த்து, அமோனியாவால் பீஎச் 5 முதல் 5.5 வரை கொண்டுவந்து, 80 °செ. இல் ஒரு மணி நேரம், வாயு செலுத்தியபடி. ஏன் 1 கிராம் மட்டும்? 10 நானோமீற்றர் துணிக்கைக்குக் கிராமுக்கு ஏறக்குறைய 115 சதுர மீற்றர் பரப்பு. ஒரு சதுர நானோமீற்றருக்கு ஒன்றரை மூலக்கூறு என்று கணக்கிட்டாலும் உங்கள் தொகுதிக்கு 70 மி.கி. போதும். மிச்சமெல்லாம் மிகை. ஐந்து கிராம் போட்டு, பீஎச்சையும் பார்க்காமல் 2 அல்லது 3 இல் விட்டுவிட்டால் அமிலம் இரும்பைக் கரைத்து இழுத்துக்கொள்ளும். மேலே நிற்கும் திரவம் மஞ்சள் பச்சையாகத் தெரிந்தால் அதுதான் நடந்திருக்கிறது.

ஆறியதும் இரண்டு மடங்கு அசற்றோன் ஊற்றிக் காந்தத்தால் பிரித்து, நீரில் மறுபடி கலந்து, பீஎச் 7 முதல் 7.5 ஆக்கிக் கூழ்பிரிப்புப் பையில் இரண்டு நாள் வையுங்கள், 12–14 ஆயிரம் டால்டன் அளவுப் பை (அதைவிடச் சிறிய மூலக்கூறுகள் மட்டும் வெளியேறும்). தூய நீரையே நாள்கணக்கில் மாற்றிக்கொண்டிருந்தால் பூச்சும் கழன்று போகும். கடைசி மாற்றத்துக்கு 1 மில்லிமூலர் சோடியம் சித்திரேற்று வையுங்கள். பிறகு சென்ரிபியூஜில் 3000 ஜி (புவியீர்ப்பின் 3000 மடங்கு), கால் மணி நேரம். அடியில் தங்குவது கட்டி, அதை விட்டுவிட்டு மேலே நிற்பதை 0.22 மைக்ரோமீற்றர் வடியால் தள்ளுங்கள். வடி உடனே அடைத்தால் பூச்சு சரியாக ஏறவில்லை, கையை அழுத்திப் பயனில்லை.

ஒரு எச்சரிக்கை. நன்றாகப் பூசி வந்த கரைசல் கைக்காந்தத்துக்கு வராது! வெப்ப அசைவு காந்த இழுப்பை வென்றுவிடும். "காந்தம் இழுக்கவில்லை, பிழைத்துவிட்டது" என்று தொட்டியில் ஊற்றிவிடாதீர்கள். காந்தத்தை ஒட்டி இரவு முழுக்க வைத்தால் அந்தப் பக்கம் கொஞ்சம் கருமை ஏறும், அவ்வளவுதான். அசற்றோன் ஊற்றிய பிறகே சட்டென்று வரும்.

இனி உப்புநீர். இதைப் பிழை என்று சொல்ல மாட்டேன், சித்திரேற்றின் இயல்பு அது. அது மின்னேற்றத்தால் மட்டும் துணிக்கைகளைத் தள்ளி வைக்கிறது. 1 மில்லிமூலர் உப்பில் அந்தத் தள்ளுவிசை பத்து நானோமீற்றர் தூரம் எட்டும். 0.9 சதவீத உப்புநீர் 154 மில்லிமூலர், அங்கே அது ஒரு நானோமீற்றருக்கும் குறைவு. பொசுபேற்றுத் தாங்கற் கரைசலில் இன்னும் மோசம், பொசுபேற்று சித்திரேற்றை மேற்பரப்பிலிருந்தே தள்ளிவிடும். உப்பிலும் நிற்க வேண்டுமானால் சங்கிலி மூலக்கூறு வேண்டும்: தெக்ஸ்ட்ரன் (வெல்ல அலகுகளாலான சங்கிலி), அல்லது மேற்பரப்பை இறுகப் பிடிக்கும் முனை கொண்ட பொலியெதிலீன் கிளைக்கோல்.

தெக்ஸ்ட்ரனுக்கு 1982 இல் மோல்டே, மக்கென்சி இருவரும் வெளியிட்ட முறை இன்றும் நல்ல தொடக்கம். தெக்ஸ்ட்ரன் 40 இன் 50 சதவீதக் கரைசல் 10 மி.லீ. அதே கனவளவு நீரில் பெரிக் குளோரைட்டு 1.51 கிராம், பெரஸ் குளோரைட்டு 0.64 கிராம். 7.5 சதவீத அமோனியாவைச் சொட்டாக விட்டு பீஎச் 10–11, பிறகு 60–65 °செ. இல் கால் மணி நேரம், 600 ஜி இல் ஐந்து நிமிடமாக மூன்று முறை சென்ரிபியூஜ், இறுதியில் ஜெல் நிரலால் மிகைத் தெக்ஸ்ட்ரனைப் பிரித்தல். விகிதம் இரண்டுக்கு ஒன்று இல்லை, 1.74 தான் என்பதைக் கவனியுங்கள், பெரஸ் சற்றுக் கூடுதலாக இருக்கிறது. இங்கே சொட்டாக விடுவதும் தப்பில்லை, பாகு மாதிரியான தெக்ஸ்ட்ரனே துணிக்கை வளர்வதைப் பிடித்து வைக்கிறது. 50 சதவீதக் கரைசலை நுவரெலியாக் குளிரில் கலக்கினால் கோல் நகராது. முதலில் 40 °செ. வரை வெதுவெதுப்பாக்குங்கள்.

---

பனிமூட்டம்1868:

மிக்க நன்றி. கலக்கிக் குண்டை நினைத்தால் எனக்கே சிரிப்பு வருகிறது. மோரின் உப்பு இருக்கிறது, நியமித்துப் பார்க்கிறேன். தேயிலைக் கேள்விக்கு யாரும் வாய் திறக்கவில்லையே?

---

கொழுந்துக்கூடை:

தேயிலைக்கு நான் வருகிறேன். சுருக்கமாக: இரும்பு உப்பும் தேயிலைச் சாறும் சேர்ந்தால் கறுப்பு வரும், ஆனால் அது மை. தேத்தண்ணிக் கோப்பைக்குள் துருப்பிடித்த கரண்டி கிடந்தால் வருமே, அதே கறுப்பு. தேயிலையிலுள்ள பொலிபீனோலும் பெரிக் அயனும் சேர்ந்த சிக்கற்சேர்வை அது. காரமே சேர்க்காமல் "பசுமை முறையில் மக்னடைட்" என்று வரும் பல கறுப்புத் தூள்களில் மக்னடைட் எவ்வளவு என்று கேட்டுப் பார்க்க வேண்டும். சோதிப்பது சுலபம். அந்த மை வலிமையான நியோடிமியம் காந்தத்துக்கு வராது. குளிர்ந்த ஒட்சாலிக் அமிலக் கரைசலில் விட்டால் மை சீக்கிரம் வெளிறும், மக்னடைட் அவ்வளவு எளிதில் கரையாது. எக்ஸ்-கதிரில் சிகரமே இல்லாமல் மேடு மாதிரி வரும்.

அந்த மையும் எம்.ஆர்.ஐ.யில் ஏதோ காட்டும், ஆனால் டீ1 பக்கம் வெளிச்சமாகக் காட்டும் (டீ1, டீ2 என்பவை நீரின் காந்தச் சைகை மீள்வதற்கும் அடங்குவதற்கும் எடுக்கும் நேரங்கள்). நீங்கள் தேடுவது டீ2 இருட்டு. இரண்டும் கலந்த மாதிரியை அளந்தால் எது எதற்குக் காரணம் என்று சொல்ல முடியாது.

ஆசை விடாவிட்டால் வரிசையை மாற்றுங்கள். முதலில் மக்னடைட்டை அமோனியாவால் செய்து கழுவி முடித்து, பிறகு பூச்சாக மட்டும் பொலிபீனோல். அதற்கும் சாறு வேண்டாம், தூய கலிக் அமிலமோ தனிக் அமிலமோ நிறுத்து எடுங்கள். ஊவாவில் யூலை முதல் செப்ரெம்பர் வரை வரும் தேயிலையும் டிம்புளவில் சனவரி முதல் மார்ச் வரை வருவதும் சுவையிலேயே வேறு, சாற்றில் என்ன இருக்கிறது என்பதும் வேறு. கறுத்தத் தேயிலையில் கட்டெச்சின்கள் (தேயிலைப் பொலிபீனோல்கள்) பெரும்பாலும் ஏற்கெனவே ஒட்சியேறியவை. திருப்பிச் செய்ய முடியாத பூச்சை வைத்து ஆய்வேடு எழுத முடியாது.

---

எதிரொலிநேரம்:

ஸ்கானருக்குப் போகும் முன் ஒன்று: இரும்பின் செறிவைத் தெரியாமல் போக வேண்டாம். தளர்வுத்திறன், அதாவது ஆர்2, என்பது ஒரு மில்லிமூலர் இரும்புக்கு 1/டீ2 எவ்வளவு கூடுகிறது என்பதே. எடுத்த உப்பின் நிறையிலிருந்து செறிவைக் கணக்கிடுவது ஏமாற்று வேலை. கழுவலிலும் வடியிலும் எவ்வளவு போனதென்று யாருக்குத் தெரியும்?

50 மைக்ரோலீற்றர் மாதிரியை 6 மூலர் ஐதரோகுளோரிக் அமிலம் 1 மி.லீ.யில் 60 °செ. இல் இரவு முழுக்க விடுங்கள். கறுப்பு முழுதாகப் போய்த் தெளிந்த மஞ்சள் ஆக வேண்டும். ஐதாக்கி, ஐதரொட்சிலமீன் ஐதரோகுளோரைட்டால் பெரஸ் ஆக்கி, அசற்றேற்றுத் தாங்கலில் பெரஸுடன் செந்நிறம் தரும் பினாந்திரொலீன் சேர்த்து 510 நானோமீற்றரில் படியுங்கள். லீற்றருக்கு 1 மி.கி. இரும்பு 1 செ.மீ. கலத்தில் 0.20 அளவு காட்டும். அமிலத்தை நடுநிலையாக்காமல் விட்டால் தாங்கல் தோற்று நிறம் குறைவாக வரும். அதுதான் அடிக்கடி நடக்கும் பிழை, ஒவ்வொரு குழாயிலும் பீஎச் தாளைத் தொட்டுப் பாருங்கள்.

படிமத்துக்கு 1 சதவீத அகரோஸ் ஜெல்லில் 0, 0.05, 0.1, 0.2, 0.3, 0.4 மில்லிமூலர் இரும்பு. இதற்கு மேல் ஆசைப்பட வேண்டாம். ஆர்2 நூறு என்று வைத்தால் 0.4 மில்லிமூலரில் டீ2 ஏறக்குறைய 20–25 மில்லிவிநாடி, 5 மில்லிமூலரில் 2 தான். முதல் எதிரொலி (ஸ்கானர் திரும்பப் பெறும் சைகை) வருவதற்குள் எல்லாம் இருட்டாகி, வரைபில் பொய்யான வளைவு வரும். அகரோஸைத் தனியாக உருக்கி 50 °செ. வரை ஆறவிட்டுப் பிறகு துணிக்கையைச் சேருங்கள். குழாய்களையும் வெந்நீரில் வைத்திருங்கள், குளிர்ந்த கண்ணாடியில் ஊற்றினால் ஓரம் முதலில் உறைந்து செறிவு பிசகும். குமிழி ஒன்றுகூட இருக்கக் கூடாது, குமிழியும் இருட்டாகவே தெரியும்! குழாய்களைச் சுற்றி நீர் நிரப்பிய பாத்திரத்தில் நிறுத்தி, பல எதிரொலி சுழற்சி எதிரொலித் தொடரில் எடுத்து, பொருத்தும்போது முதல் எதிரொலியை விட்டுவிடுங்கள். 1/டீ2 ஐ இரும்புச் செறிவுக்கு எதிராக வரைந்தால் கிடைக்கும் சாய்வுதான் ஆர்2.

ஒளிச்சிதறலால் பருமன் பார்க்கிறீர்களானால் மாதிரியை வெளிர்ந்த பிளேன்டீ நிறம் வரும்வரை ஐதாக்குங்கள். கறுப்பாகவே வைத்தால் லேசரை அதுவே விழுங்கிவிடும். அதில் வரும் எண் பூச்சையும் சேர்த்தது, இலத்திரன் நுணுக்குக்காட்டியில் வரும் உட்கருப் பருமனோடு ஒத்துப்போகாவிட்டால் பதற வேண்டாம்.

இது குழாய்க்குள் நிற்கும் வேலை என்பதையும் மறக்காதீர்கள். ஃபெருமொக்சிட்டோல் 2009 இல் அமெரிக்காவில் இரத்தச்சோகைக்கு அனுமதி பெற்ற மருந்து, எம்.ஆர்.ஐ.க்கும் எடுக்கிறார்கள். அதற்கே 2015 இல் கடும் ஒவ்வாமை பற்றிய பெட்டி எச்சரிக்கை (மருந்துத் தாளில் கட்டமிட்டுப் போடும் மிகக் கடுமையான எச்சரிக்கை) போட்டார்கள். திறந்த முகவையில் செய்ததில் பக்டீரிய நச்சு எவ்வளவு இருக்கிறதென்று அளக்காமல் எலிக்குக்கூட ஊசி போட முடியாது, மனிதரைப் பற்றிப் பேச்சே இல்லை.

---

பனிமூட்டம்1868:

குறித்துக்கொண்டேன். கடைசியாக ஒன்று, மாதிரியைப் பேராதனைக்குப் பஸ்ஸில்தான் கொண்டுபோக வேண்டும். உறைய வைத்துக் கொண்டுபோகலாமா, அல்லது உறைகுளிரில் உலர்த்தித் தரலாமா?

---

முகவைநிறையக்கறுப்பு:

இரண்டுமே வேண்டாம். பனிக்கட்டி வளரும்போது துணிக்கைகளை இடுக்கில் தள்ளி நெருக்கிவிடும், உருகினாலும் பிரியாது. உறைகுளிரில் உலர்த்தியே ஆக வேண்டுமானால் சுக்குரோசோ திரெகலோசோ 5 சதவீதம் சேர்க்க வேண்டும், அதுவும் தெக்ஸ்ட்ரன் பூச்சுக்கு மட்டும் முயலலாம். கண்ணாடிக் குப்பியில் கழுத்துவரை நிரப்பி, மேலே ஆகன் ஊதி மூடி, மூடியைச் சுற்றிப் பாரஃபின் படலம் ஒட்டுங்கள். இரும்புச் செறிவும் செய்த திகதியும் குப்பியின் மேலேயே எழுதுங்கள். ஐஸ் பொதியோடு தொடவிடாமல் துணியில் சுற்றிக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். ரம்பொடை வளைவுகளில் குலுங்கினால் கெடுதல் இல்லை, நல்ல கரைசல் குலுங்கலால் படியாது. தெக்ஸ்ட்ரன் மாதிரி என்றால் அன்றே குளிரூட்டியில், 4 °செ. இல் வைக்கச் சொல்லுங்கள், வெளியே கிடந்தால் ஓரிரு வாரத்தில் பூஞ்சணம் பிடிக்கும். புறப்படும் முன் 1 மி.லீ. எடுத்து உங்களிடமே வைத்துக்கொள்ளுங்கள். அங்கே அடியில் படிவு தெரிந்தால், வழியில் நடந்ததா முன்பே இருந்ததா என்று அந்த 1 மி.லீ. சொல்லும்.